எந்த ஸ்கோரை எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது? எஸ்ஏடி, ஏசிடி எழுதியவர்களுக்கு முழு வழிகாட்டி

அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இது. எஸ்ஏடி, ஏசிடி இரண்டும் அந்தச் சேர்க்கைக்காக எழுதும் தேர்வுகள். வீடு நியூ ஜெர்சியில் இருந்தாலும் சரி, மதுரையில் இருந்தாலும் சரி, செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்.

தேர்வு முடிந்ததும் எல்லாரும் கேட்பது "எஸ்ஏடியில் 1600-க்கு 1450 போதுமா?" என்றுதான். எந்தக் கல்லூரிக்கு என்று சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதே 1450-ஐ ஒரு கல்லூரிக்குக் கட்டாயம் அனுப்ப வேண்டும், இன்னொன்றுக்கு அனுப்பாமல் இருப்பதே நல்லது, மூன்றாவது கல்லூரி அதைத் திறந்துகூடப் பார்க்காது. ஆகவே கல்லூரிக்குக் கல்லூரி தனி முடிவு வேண்டும். நான் பார்த்தவரை பிள்ளைகள் தடுமாறுவது வேலையின் வரிசையில்தான். பணத்தைக் கட்டி அனுப்பிவிட்டு, அப்புறம் விதியைப் படிக்கிறார்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

எழுதிய ஒவ்வொரு தேர்வின் தேதியும், அந்தந்தப் பகுதியின் ஸ்கோரும் வேண்டும். மொத்தத்தை மட்டும் எழுதி வைத்தால் பின்னால் சூப்பர்ஸ்கோர் (ஒவ்வொரு பகுதியின் உச்ச ஸ்கோரையும் எடுத்துக் கூட்டுவது) கணக்குப் போட முடியாது. எஸ்ஏடியில் வாசிப்பு-எழுத்து, கணிதம் என இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றும் 200 முதல் 800 வரை. ஏசிடியில் ஒவ்வொரு பகுதியும் 1 முதல் 36 வரை.

கல்லூரிப் பட்டியல் வேண்டும். எந்தச் சுற்றில் (முன்கூட்டிய சுற்றா, வழக்கமான சுற்றா) விண்ணப்பிக்கிறீர்கள், கடைசி தேதி என்ன என்பதும் அதில் இருக்கட்டும்.

பள்ளி அனுப்பப்போகும் டிரான்ஸ்கிரிப்டின் (மதிப்பெண் பதிவின்) நகல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவில் சில உயர்நிலைப் பள்ளிகள் எஸ்ஏடி, ஏசிடி ஸ்கோரையும் டிரான்ஸ்கிரிப்டிலேயே அச்சிட்டுவிடும். நீங்கள் மறைக்க நினைத்தது அந்த வழியாகப் போய்ச் சேரும். அப்படி இருந்தால் எடுத்துவிடச் சொல்லி கவுன்சலரிடம் கேளுங்கள். விண்ணப்ப நேர நெருக்கடி தொடங்கும் முன்பே கேட்பது நல்லது.

கடைசியாகப் பாஸ்போர்ட். அது ஏன் என்று அடுத்த பகுதியில் தெரியும்.

2. முதல் வேலை: பெயரைச் சரிசெய்வது

ஸ்கோர் பற்றிய வழிகாட்டிகளில் இது பெரும்பாலும் இருக்காது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு மிக அதிகமாகச் சிக்கல் வருவது இங்கேதான்.

கல்லூரிக்கு வந்து சேரும் ஸ்கோரைப் பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல் ஆகியவற்றை வைத்துத்தான் விண்ணப்பத்தோடு சேர்ப்பார்கள். நம் பெயரோ இடத்துக்கு இடம் மாறுகிறது. பள்ளிப் பதிவேட்டில் "மு. கவின்". பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, கிவன் நேம் கட்டத்தில் "கவின் முருகேசன்" முழுவதும். எஸ்ஏடியை நடத்தும் காலேஜ் போர்டில் கணக்கைத் திறந்தபோது கடைசிப் பெயர் கட்டாயம் என்றதால் "எம்" என்று ஓர் எழுத்தைப் போட்டிருப்பான். பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் தளமான காமன் ஆப்பில் "முருகேசன்". நான்கும் ஒரே பிள்ளைதான் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. ஸ்கோர் போய்ச் சேர்ந்த பிறகும், விண்ணப்ப நிலையைக் காட்டும் கல்லூரி போர்ட்டலில் "வரவில்லை" என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்து ஒரு வடிவத்தை முடிவு செய்யுங்கள். காலேஜ் போர்டு, ஏசிடி, காமன் ஆப், ஆங்கிலத் தேர்வு எல்லாவற்றிலும் அதே எழுத்துக்கூட்டல், அதே வரிசை. பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால், பிள்ளையின் பெயரை முதல் பெயராகவும் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிரியுங்கள். பாஸ்போர்ட்டையே திருத்த முடிந்தால் இன்னும் நல்லது. பின்னால் விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று வரும் தொல்லையும் அதோடு தீரும்.

ஏற்கனவே வேறு வடிவத்தில் தேர்வு எழுதியாகிவிட்டதா? தேர்வு நிறுவனத்தின் உதவி மையத்தைத் தொடர்புகொண்டு மாற்றச் சொல்லுங்கள். நேரம் எடுக்கும், ஆகவே ஸ்கோர் அனுப்பும் முன்பே கேட்டுவிடுங்கள். அது முடியாவிட்டால், பழைய பெயரில் ஆவணங்கள் உண்டா என்று காமன் ஆப் கேட்கும் இடத்தில் அந்த வடிவத்தைக் குறிப்பிடுங்கள்.

பிறந்த தேதியில் அமெரிக்க முறைப்படி மாதம் முதலில் வரும். மே 8 ஆகஸ்ட் 5 ஆகிவிட்டால் அதுவும் பொருந்தாது. மின்னஞ்சலும் ஒன்றே இருக்கட்டும். பள்ளி கொடுத்த முகவரி வேண்டாம். பள்ளியை விட்டு வந்ததும் அது மூடப்படலாம்.

3. ஒவ்வொரு கல்லூரிக்கும் நான்கு கேள்விகள்

இப்போது ஒரு அட்டவணை போடுங்கள். கல்லூரிக்கு ஒரு வரி, கேள்விக்கு ஒரு கட்டம். பதிலை அந்தக் கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தில் இருந்து மட்டும் எடுங்கள். அக்கா பையன் மூன்று வருடம் முன்பு செய்தது இந்த வருடம் செல்லாமல் போகலாம்.

முதல் கேள்வி: ஸ்கோர் வேண்டுமா? நான்கு வகைப் பதில்கள் உண்டு. கட்டாயம் வேண்டும் என்பவை ஒரு வகை. கொரோனாவுக்குப் பிறகு எம்ஐடி 2022இல் இதற்குத் திரும்பியது; 2024இல் டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக், ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் ஆகியவை பின்தொடர்ந்தன. யேல் 2024இல் இரண்டாவது வகைக்கு மாறியது: எஸ்ஏடி, ஏசிடி, ஏபி, ஐபி இவற்றில் ஏதாவது ஒன்று கட்டாயம் (ஏபி, ஐபி இரண்டும் பள்ளியில் படிக்கும் உயர்தரப் பாடங்களின் தேர்வுகள்). மூன்றாவது வகை டெஸ்ட் ஆப்ஷனல், விரும்பினால் அனுப்பலாம். நான்காவது வகை கலிபோர்னியா பல்கலைக்கழகம் போன்றவை. பெர்க்லி, யுசிஎல்ஏ உட்பட அதன் எந்த வளாகமும் சேர்க்கை முடிவுக்கு எஸ்ஏடி, ஏசிடி ஸ்கோரைப் பார்க்காது. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்களும் அப்படியே.

பதிலைக் குறிக்கும்போது எந்த ஆண்டுச் சேர்க்கைக்கான விதி என்பதையும் எழுதுங்கள். பிரின்ஸ்டன் 2027-28 சுற்றிலிருந்து தேர்வு கட்டாயம் என்று அறிவித்திருக்கிறது. அதற்கு முந்தைய சுற்றுக்கு விருப்பம்தான். வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் அக்காவும் பத்தாம் வகுப்பில் தம்பியும் இருந்தால் ஒரே கல்லூரிக்கு இரண்டு விதி.

இரண்டாவது: எல்லாத் தேதிகளின் ஸ்கோரும் வேண்டுமா, நாமே தேர்ந்தெடுக்கலாமா? காலேஜ் போர்டின் ஸ்கோர் சாய்ஸ் 2009 முதல் இருக்கிறது. எந்தத் தேதியின் ஸ்கோர் போக வேண்டும் என்று அதில் நாம் முடிவு செய்யலாம். பெரும்பாலான கல்லூரிகள் இதை ஏற்கின்றன. ஜார்ஜ்டவுன் ஏற்பதில்லை, எழுதிய எல்லாத் தேர்வும் அதற்குப் போக வேண்டும். இப்படிக் கேட்கும் கல்லூரிக்கு ஒன்றை ஒளித்து அனுப்ப இணையதளம் விட்டுவிடும். ஆனால் அது பொய் சொல்வதுதான், தெரியவந்தால் இடமே போகும்.

மூன்றாவது: சூப்பர்ஸ்கோர் பார்க்கிறார்களா? நான்காவது: நாமே எழுதித் தரும் ஸ்கோர் போதுமா, தேர்வு நிறுவனத்திலிருந்தே வர வேண்டுமா?

அட்டவணை நிரம்பியதும் பாதி வேலை தானாக முடிந்துவிடும். நான்காவது வகைக் கல்லூரிகளை அடித்துவிடுங்கள், அவற்றுக்குப் பணம் கட்டி அனுப்புவது வீண். கட்டாயம் கேட்பவற்றுக்கு எந்த ஸ்கோர் என்பது மட்டுமே கேள்வி. யோசிக்க வேண்டியது டெஸ்ட் ஆப்ஷனல் கல்லூரிகளுக்குத்தான்.

4. சூப்பர்ஸ்கோர் கணக்கு

வெவ்வேறு தேதிகளில் எழுதிய தேர்வுகளில் ஒவ்வொரு பகுதியின் உச்ச ஸ்கோரையும் எடுத்துக் கூட்டுவது சூப்பர்ஸ்கோர். ஒரு மாணவி மூன்று முறை எழுதினாள் என்று வைத்துக்கொள்வோம்.

மார்ச்: வாசிப்பு-எழுத்து 640, கணிதம் 770, மொத்தம் 1410.
ஆகஸ்ட்: 710, 720, மொத்தம் 1430.
அக்டோபர்: 690, 730, மொத்தம் 1420.

சூப்பர்ஸ்கோர் பார்க்கும் கல்லூரிக்கு இவள் 1480: ஆகஸ்டின் 710, மார்ச்சின் 770. ஆகவே அந்த இரண்டு தேதிகளை அனுப்ப வேண்டும், அக்டோபர் தேவையில்லை. ஒரே தேதியின் மொத்தத்தைப் பார்க்கும் கல்லூரிக்கு ஆகஸ்ட் மட்டும். ஜார்ஜ்டவுனுக்கு மூன்றும்.

மொத்தம் அதிகம் என்று ஆகஸ்டை மட்டும் அனுப்பிவிட்டு, கல்லூரியே சூப்பர்ஸ்கோர் போட்டுக்கொள்ளும் என்று இருந்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. மார்ச் ஸ்கோர் அவர்களிடம் இல்லாதபோது எதைக் கூட்டுவார்கள்? எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஆகஸ்டின் வாசிப்பு-எழுத்து மட்டும், மார்ச்சின் கணிதம் மட்டும் எனப் பிரித்து அனுப்ப ஸ்கோர் சாய்ஸில் வழியில்லை. ஒரு தேதியை அனுப்பினால் அதன் இரண்டு பகுதிகளும் போகும். மார்ச்சின் 640 அவர்கள் கண்ணில் படுமே என்று பயப்பட வேண்டாம். சூப்பர்ஸ்கோர் பார்ப்பதாகச் சொல்லும் கல்லூரிக்கு உச்ச ஸ்கோரே கணக்கு.

ஏசிடி தன் அறிக்கையிலேயே சூப்பர்ஸ்கோரைக் கணக்கிட்டுத் தருகிறது. 2025இல் வந்த மாற்றத்தை மட்டும் கவனியுங்கள். புதிய ஏசிடியில் அறிவியல் விருப்பப் பகுதி, கூட்டு ஸ்கோர் ஆங்கிலம், கணிதம், வாசிப்பு மூன்றின் சராசரி. பழைய தேர்வில் நான்கின் சராசரி. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

5. எஸ்ஏடி, ஏசிடி இரண்டும் எழுதியிருந்தால்

கல்லூரிகளுக்கு இரண்டும் ஒன்றுதான். காலேஜ் போர்டும் ஏசிடியும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஒப்பீட்டு அட்டவணையைப் பாருங்கள். அதன்படி ஏசிடி 35 என்பது எஸ்ஏடி 1530 முதல் 1560 வரை. 34 என்பது 1490–1520. 33 என்பது 1450–1480. 32 என்பது 1420–1440. 30 என்பது 1360–1380.

மேலே சொன்ன மாணவியிடம் ஏசிடி 32 இருந்தால் 1480 அதைவிட மேல். எஸ்ஏடியை மட்டும் அனுப்பினால் போதும். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் எடுக்கப்போகும் படிப்புக்கு உரிய பகுதியில் எது உயரமோ அது. இரண்டையும் அனுப்பினால் கூடுதல் மதிப்பு என்று சிலர் நம்புகிறார்கள். இல்லை, ஒரு நல்ல ஸ்கோர் போதும்.

6. டெஸ்ட் ஆப்ஷனல்: அனுப்புவதா, விடுவதா?

இங்கே அவசரப்படாதீர்கள்.

கல்லூரியின் பெயரோடு "காமன் டேட்டா செட்" என்று தேடுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் இதை வெளியிடுகின்றன. அதில் சி7, சி9 என்ற இரண்டு பகுதிகள் போதும். தேர்வு ஸ்கோருக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று சி7 சொல்லும். சேர்ந்த மாணவர்களில் எத்தனை சதவீதம் பேர் ஸ்கோர் கொடுத்தார்கள், அவர்களுடைய 25, 50, 75ஆம் சதமான ஸ்கோர்கள் என்ன என்பது சி9இல் இருக்கும். 25ஆம் சதமானம் என்றால் நூற்றில் 25 பேர் அந்த ஸ்கோருக்குக் கீழே என்று பொருள்.

எண்ணை மட்டும் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஒரு கல்லூரியின் சி9இல் 25ஆம் சதமானம் 1440, 75ஆம் சதமானம் 1540, ஸ்கோர் கொடுத்தவர்கள் 35 சதவீதம் என்று இருப்பதாக வையுங்கள். 1440-க்குக் கீழே யாரும் சேரவில்லை என்று இதற்குப் பொருளில்லை. மீதி 65 சதவீதம் பேர் ஸ்கோரைக் காட்டவே இல்லை. உயர்ந்த ஸ்கோர் உள்ளவர்களே காட்டுவதால் எண்ணும் உயர்ந்துகொண்டே போகிறது. இதற்கு ஒரு எளிய வழி உண்டு: அதே கல்லூரியின் 2019-20 டேட்டா செட்டையும் எடுத்துப் பாருங்கள். அப்போது பெரும்பாலான கல்லூரிகளில் எல்லாரும் ஸ்கோர் கொடுத்தாக வேண்டும், ஆகவே அந்த எண்கள் முழு வகுப்பையும் காட்டும். உங்கள் ஸ்கோர் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் நடுவில் விழுந்தால் உடனே ஒளித்துவைக்க வேண்டியதில்லை.

நான் சொல்லும் அளவுகோல் இது. 50ஆம் சதமானத்தில் அல்லது அதற்கு மேல் இருந்தால் அனுப்புங்கள். 25-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் விட்டுவிடலாம். இரண்டுக்கும் இடையில் இருந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, உங்கள் பள்ளி. சேர்க்கை அதிகாரி ஒவ்வொரு விண்ணப்பத்தையும் பள்ளிப் பின்னணியோடு படிக்கிறார். எஸ்ஏடி எழுதுபவர்களே குறைவாக உள்ள பள்ளியிலிருந்து வரும் 1400-க்கும், பாதி வகுப்பு 1500 எடுக்கும் பள்ளியிலிருந்து வரும் 1400-க்கும் எடை வேறு. டார்ட்மத் 2024இல் தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தபோது சொன்ன காரணமும் இதுதான். வசதி குறைந்த பின்னணியில் இருந்து விண்ணப்பித்தவர்கள் 1400-ஐ ஒட்டிய ஸ்கோர்களைக் காட்டாமல் விட்டார்கள், காட்டியிருந்தால் அவர்களுக்கு உதவியிருக்கும் என்று அங்குள்ள பேராசிரியர் குழு கண்டது. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை என்றால் சி9ஐப் பார்த்து மட்டும் முடிவு எடுக்காதீர்கள்.

இரண்டு, மதிப்பெண் பட்டியல் எவ்வளவு பேசும்? இந்தியாவில் படிப்பவர்களுக்கு இது முக்கியம். தமிழ்நாடு மாநில வாரியத்தில் 95 சதவீதம் என்றால் என்ன பொருள், சிபிஎஸ்இயில் 95 என்றால் என்ன பொருள் என்பது எல்லா அமெரிக்க அதிகாரிக்கும் ஒரே அளவில் புரியாது. அவருக்குப் பழகிய ஓர் அளவுகோல் எஸ்ஏடி. ஆகவே இடைப்பட்ட ஸ்கோரானாலும் இந்திய மாணவர்கள் அனுப்பும் பக்கம் சாயலாம் என்பது என் கருத்து.

மூன்று, எந்தப் படிப்பு? மொத்தம் நடுத்தரமாக இருந்து கணிதம் 780 என்றால் பொறியியலுக்கு அனுப்புங்கள். கணிதம் 640 இருக்கும்போது பொறியியலுக்கு அனுப்புவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். சில பல்கலைக்கழகங்களில் துறைக்குத் துறை விதியே மாறும், அதையும் பார்த்துவிடுங்கள்.

உதவித்தொகையை மறந்துவிடுகிறார்கள். சேர்க்கைக்கு ஸ்கோர் வேண்டாம் என்னும் கல்லூரியே, தகுதி அடிப்படையிலான உதவித்தொகைக்கு ஸ்கோரைப் பார்க்கலாம். அந்தப் பக்கத்தையும் படித்த பிறகு "அனுப்பவில்லை" என்று குறியுங்கள்.

7. ஏபியும் ஆங்கிலத் தேர்வும்

ஏபி ஸ்கோரை விண்ணப்பத்தில் நாமே எழுதினால் பெரும்பாலான இடங்களில் போதும், எவற்றை எழுதுவது என்பதும் நம் விருப்பம். 5, 4 எழுதுங்கள். 3 என்பது கல்லூரியைப் பொறுத்தது. அதிகாரபூர்வ ஏபி அறிக்கையில் பொதுவாக எழுதிய எல்லா ஏபியும் போகும், ஆனால் அது பெரும்பாலும் சேர்ந்த பிறகு கிரெடிட் (கல்லூரிப் பாடம் முடித்ததற்கு இணையான கணக்கு) வாங்கத்தான் தேவைப்படும். யேலுக்கு எஸ்ஏடிக்குப் பதிலாக ஏபியைக் காட்டினால் முடித்த எல்லா ஏபி ஸ்கோரும் தர வேண்டும்.

ஆங்கிலத் தேர்வான டோஃபல் 2026 ஜனவரியிலிருந்து 1 முதல் 6 வரையான புதிய அளவில் ஸ்கோர் தருகிறது. கல்லூரிப் பக்கத்தில் 100 என்று பழைய அளவில் போட்டிருந்தால் குழம்பாதீர்கள். அறிக்கையில் 120-க்கான இணை ஸ்கோரும் இருக்கும். ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு விலக்கு உண்டா என்பதை முதலில் பாருங்கள், தேர்வுச் செலவே மிச்சமாகலாம்.

8. காமன் ஆப்பில் நிரப்புவது

தேர்வுப் பகுதியில் ஒவ்வொரு பிரிவின் உச்ச ஸ்கோரையும் அதன் தேதியையும் கேட்கும், ஆகவே சூப்பர்ஸ்கோர் இயல்பாகவே அமைந்துவிடும். அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள், நினைவிலிருந்து வேண்டாம். பின்னால் அதிகாரபூர்வ ஸ்கோரோடு பொருந்தாவிட்டால் பெரிய பிரச்சினை.

இந்தப் பகுதி எல்லாக் கல்லூரிக்கும் பொது. ஆனால் ஒரு கல்லூரிக்குச் சமர்ப்பித்த பிறகு அதை மாற்றி அடுத்த கல்லூரிக்கு அனுப்பலாம். ஏற்கனவே போன விண்ணப்பம் மாறாது. இதை வைத்து வரிசையை அமையுங்கள். நீங்கள் ஸ்கோரைக் காட்டப்போகும் கல்லூரிகளை முதலில் ஒன்றாகச் சமர்ப்பித்துவிட்டு, அப்புறம் ஸ்கோரை எடுத்துவிட்டு மற்றவற்றைச் சமர்ப்பியுங்கள். மாற்றி மாற்றிச் செய்தால் ஏதாவது ஒன்றில் தவறு நடக்கும்.

கல்லூரியின் தனிக் கேள்விகளில் "உங்கள் ஸ்கோரைக் கருத்தில் கொள்ளலாமா?" என்று இருக்கும். அதற்கு "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பொதுப் பகுதியில் 1390-ஐ விட்டுவைப்பவர்கள் நிறைய. இனி எழுதப்போகும் தேர்வுத் தேதியையும் அங்கே கேட்பார்கள். நீங்கள் ஸ்கோரைக் காட்டாத கல்லூரிக்கு அதையும் காலியாக விடுங்கள்.

9. அதிகாரபூர்வமாக அனுப்புவது

நாமே எழுதித் தருவதை ஏற்கும் கல்லூரிக்கு இப்போது எதுவும் அனுப்ப வேண்டாம். எஸ்ஏடி அறிக்கைக்குக் கல்லூரி ஒன்றுக்கு 15 டாலர் அளவில் ஆகும்; பத்துக் கல்லூரி என்றால் 150 டாலர் பக்கம். கட்டண விலக்கில் எஸ்ஏடி எழுதியவர்களுக்கு அறிக்கைகளும் இலவசம், அவர்கள் தயங்க வேண்டியதில்லை.

எஸ்ஏடிக்குப் பதிவு செய்ததிலிருந்து தேர்வு முடிந்து 9 நாள் வரை நான்கு இலவச அறிக்கைகள் உண்டு. ஸ்கோரைப் பார்க்காமலே கல்லூரியைச் சொல்ல வேண்டும், திரும்பப் பெற முடியாது. தேர்வு கட்டாயம் என்றும் சூப்பர்ஸ்கோர் பார்ப்போம் என்றும் சொல்லும் கல்லூரிகளுக்கு இதைப் பயன்படுத்தலாம், இழப்பு ஒன்றுமில்லை. டெஸ்ட் ஆப்ஷனல் கல்லூரிகளுக்கு வேண்டவே வேண்டாம். நாலு இலவசம் வீணாகிறதே என்று அனுப்பினால் தேர்ந்தெடுக்கும் உரிமை போய்விடும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது ஊரையும் மாநிலத்தையும் பாருங்கள். மயாமி பல்கலைக்கழகம் என்ற பெயரில் புளோரிடாவில் ஒன்றும் ஒஹாயோவில் ஒன்றும் உண்டு. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் வேறு, செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் வேறு. நியூயார்க்கின் கார்னெல் பல்கலைக்கழகத்தோடு ஐயோவாவின் கார்னெல் கல்லூரியைக் குழப்பிக்கொள்வதும் நடக்கும். எஸ்ஏடி, ஏசிடி இரண்டிலும் கல்லூரிக் குறியீட்டு எண்கள் வேறு வேறு.

கடைசி தேதிக்கு மூன்று வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். ஸ்கோர் போய்ச் சேரும் நேரம் ஒன்று, அதைக் கல்லூரி உங்கள் கோப்பில் சேர்க்கும் நேரம் இன்னொன்று. கூடுதல் பணம் கட்டி விரைவாக அனுப்பினாலும் இரண்டாவது நேரம் குறையாது.

10. அனுப்பிய பின்

விண்ணப்பம் போன சில நாளில் கல்லூரி போர்ட்டலுக்கான இணைப்பு வரும். ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். போர்ட்டலில் ஸ்கோர் "வரவில்லை" என்று இருந்தால் இரண்டு வாரம் பொறுங்கள். அப்புறமும் அப்படியே இருந்தால் மறுபடி பணம் கட்டாதீர்கள். அனுப்பிய தேதி, ஆர்டர் விவரம், தேர்வில் பதிவான பெயர், விண்ணப்பத்தில் உள்ள பெயர் எல்லாவற்றையும் எழுதிச் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரும்பாலும் பெயர்ப் பொருத்தம்தான் சிக்கலாக இருக்கும், அவர்களே கையால் சேர்த்துவிடுவார்கள். பிள்ளையின் மின்னஞ்சலிலிருந்து பிள்ளையே எழுதட்டும். அப்பா எழுதினால் பல அலுவலகங்கள் பதில் தராது.

இடம் கிடைத்துச் சேர முடிவெடுத்த பிறகு, நீங்களே எழுதித் தந்த ஸ்கோருக்கு அந்த ஒரு கல்லூரி அதிகாரபூர்வ அறிக்கை கேட்கும். விண்ணப்பத்தில் காட்டிய எல்லாத் தேதியையும் அனுப்புங்கள். சூப்பர்ஸ்கோர் காட்டியவர்கள் இரண்டு தேதி அனுப்ப வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. எந்தத் தேதிக்குள் வர வேண்டும் என்பது சேர்க்கைக் கடிதத்தோடு வரும் பட்டியலில் இருக்கும்.